வலியில்லாத கட்டி தட்டுப்பட்டால்: இடம் பார்த்து, தொட்டுப் பார்த்துப் பிரித்தறிவது எப்படி

தோலுக்கு அடியில் ஏதோ தட்டுப்பட்டதும் கை தானாகச் செய்வது அழுத்திப் பார்ப்பதுதான். வலித்தால் பயந்துபோய் டாக்டரிடம் ஓடுகிறோம். வலிக்கவில்லை என்றால் "சும்மா கொழுப்பாக இருக்கும்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். வலியில்லாத கட்டி என்றாலே புற்றுநோய் என்று எங்கேயோ கேள்விப்பட்டு இரவெல்லாம் புரண்டு படுப்பவர்களும் உண்டு. இரண்டு பக்கமும் வலியை வைத்தே கணக்குப் போடுகிறது. கணக்கு தப்புவது அங்கேதான்.

கட்டி வலிப்பது பெரும்பாலும் சீழ் பிடிப்பதால், அழற்சியால், அல்லது திடீரென வீங்கிச் சுற்றியுள்ள திசுவை இழுப்பதால். மெதுவாக வளரும் எதுவும், நல்லதோ கெட்டதோ, பக்கத்தில் இருப்பதைச் சத்தமில்லாமல் தள்ளிவிட்டு இடம் பிடித்துக்கொள்ளும். கொழுப்புக் கட்டியும் வலிக்காது; நிணநீர்ப் புற்றும் ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. பிரித்துக் காட்டுபவை வேறு: எந்த இடத்தில் இருக்கிறது, எந்த அடுக்கில் இருக்கிறது, கைக்கு எப்படித் தெரிகிறது, எவ்வளவு வேகமாக மாறுகிறது. இவற்றில் இடத்துக்குத்தான் நான் முதல் மரியாதை கொடுப்பேன்.

விரலால் தொட்டு மட்டும் எதையும் அடித்துச் சொல்லிவிட முடியாது, அனுபவப்பட்ட டாக்டராலும்கூட. எவ்வளவு சீக்கிரம் போக வேண்டும், போய் என்ன சொல்ல வேண்டும் என்று தீர்மானிக்கத்தான் கீழே உள்ளது உதவும்.

முதலில் இதைப் பாருங்கள்: காத்திருக்கக் கூடாதவை

காறை எலும்புக்கு மேலே உள்ள குழியில் கட்டி. விரையில் கட்டி. மார்பகத்தில் புதிதாக வந்த கட்டி. 5 செ.மீ.க்கு மேல் உள்ளது, அதாவது பெரிய எலுமிச்சம்பழத்தைத் தாண்டிவிட்டது. சில வாரங்களுக்குள் கண்ணுக்குத் தெரியும்படி வளர்கிறது. கல் மாதிரி கெட்டியாக, அசைக்கவே முடியாமல் இருக்கிறது. ஒருமுறை அறுத்து எடுத்த இடத்திலேயே திரும்ப வந்திருக்கிறது. இல்லையென்றால், எந்தக் கட்டியாக இருந்தாலும் கூடவே காரணமில்லாத காய்ச்சல், படுக்கை நனையும்படி இரவு வியர்வை, எடை குறைதல்.

இதில் ஒன்று பொருந்தினாலும் மீதியை அப்புறம் படித்துக்கொள்ளலாம். இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். வயிற்றிலோ தொடையிடுக்கிலோ வழக்கமாக உள்ளே போய்விடும் புடைப்பு இன்றைக்குப் போகாமல் சிக்கிக்கொண்டு, வலியும் வாந்தியும் சேர்ந்திருந்தால், அது வாரக் கணக்கில்லை, மணிக் கணக்கு. அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

தொட்டுப் பார்ப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது

விரல் நுனியால் குத்தாதீர்கள். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் தட்டையான பகுதியையும் கட்டியின் மேல் வைத்து மெதுவாக உருட்டுங்கள்.

அடுத்து, மேலே உள்ள தோலை மட்டும் இரண்டு விரலால் தூக்கிப் பாருங்கள். தோலோடு கட்டியும் சேர்ந்து வந்தால் அது தோலிலேயே உள்ளது. தோல் தனியாக வந்து, கட்டி கீழேயே நின்றால் அது கொழுப்பு அடுக்கிலோ இன்னும் ஆழத்திலோ இருக்கிறது. இப்போது அந்த இடத்துத் தசையை இறுக்குங்கள். தொடையில் இருந்தால் காலை நீட்டி விறைப்பாக்குங்கள், புஜத்தில் இருந்தால் முஷ்டி மடக்கிக் கையை முறுக்குங்கள். கட்டி இன்னும் எடுப்பாகத் தெரிந்து அசைந்தால் தசைக்கு மேலே. முன்பு அசைந்தது இப்போது பிடித்து வைத்தாற்போல் நின்றுவிட்டாலோ, உள்ளே போய் மறைந்துவிட்டாலோ, தசையோடு ஒட்டியது அல்லது தசைக்கு அடியில் இருப்பது. ஆழத்தில் இருப்பது சிறியதாக இருந்தாலும் ஸ்கேன் பார்த்துவிடுவது நல்லது.

ஸ்கேல் வைத்து அளந்து, ஸ்கேலோடு சேர்த்துப் போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். தேதி தானாகப் பதிவாகிவிடும். "கொஞ்ச நாளாகவே இருக்கு டாக்டர், கொஞ்சம் பெரிசான மாதிரி இருக்கு" என்பதைவிட "மார்ச்சில் 12 மி.மீ., இப்போது 20" என்பது பத்து மடங்கு பயன்படும். அளந்தாகிவிட்டதா, அப்புறம் கையை எடுத்துவிடுங்கள். நாளைக்கு இருபது தடவை பிசைந்தால் சாதாரண நெறிக்கட்டுகூட வீங்கித்தான் இருக்கும்.

மெத்தென்று இருக்கிறது, அழுத்தினால் விரலை விட்டு நழுவுகிறது

முதுகு, தோள்பட்டை, கை, தொடை, வயிற்றுப் பக்கவாட்டு. தோல் மேலே சாதாரணமாக இருக்கிறது, நிறம் மாறவில்லை. ஓரத்தில் அழுத்தினால் வழுக்கிக்கொண்டு அடுத்த பக்கம் போகிறது. வருடக்கணக்கில் அதே அளவு, அல்லது மிக மெதுவான வளர்ச்சி. இது கொழுப்புக் கட்டியாக, அதாவது லிப்போமாவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். 40 முதல் 60 வயதுக்காரர்களிடம் நிறையப் பார்க்கலாம்.

உடல் பருமனுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பில்லை. ஒல்லியானவர்களுக்கும் வரும், உடம்பு இளைத்தால் கட்டி கரையாது, சுற்றியுள்ள கொழுப்பு குறைந்து இன்னும் எடுப்பாகத்தான் தெரியும். கரைக்கும் மாத்திரை, தைலம் என்று விற்பவர்களை நம்பிப் பணத்தை விடாதீர்கள். தொந்தரவில்லை என்றால் அப்படியே விட்டுவிடலாம். உடை உரசுகிறது, அசிங்கமாகத் தெரிகிறது, நரம்பை அழுத்துகிறது என்றால், அந்த இடத்தை மரத்துப்போக வைத்து உறையோடு எடுத்துவிடுவார்கள்.

நழுவாத கொழுப்புக் கட்டியும் உண்டு. நெற்றியில் வருவது பெரும்பாலும் தசைக்கு அடியில் இருப்பதால் எலும்போடு ஒட்டியது போலத் தெரியும். பின்கழுத்தில் வருவதும் அவ்வளவாக அசையாது. எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு: "லிப்போமாதான்" என்று சொல்லி ஸ்கேன் பார்க்காமல் அறுத்தபின் சர்கோமா, அதாவது கொழுப்பு, தசை போன்ற திசுக்களில் வரும் புற்று, என்று தெரியவருவது. அப்படி ஆனால் மறுபடி இன்னும் பெரிய அறுவை தேவைப்படும். ஆகவே 5 செ.மீ.யைத் தாண்டியது, ஆழத்தில் உள்ளது, வளர்வது, இந்த மூன்றில் எது இருந்தாலும் கத்திக்கு முன் ஸ்கேன். அதை நீங்களே கேட்டு வாங்கலாம், தப்பில்லை.

தோலோடு ஒட்டியிருக்கிறது, நடுவில் ஒரு கரும்புள்ளி

முகம், கழுத்து, முதுகு, காதுமடலுக்குப் பின்புறம். உருண்டையாக, கொஞ்சம் கெட்டியாக, தோலை இழுத்தால் கூடவே வரும். உற்றுப் பார்த்தால் உச்சியில் ஊசிமுனை அளவுக்கு ஒரு கருப்புத் துளை. சில சமயம் அதன் வழியாகப் பாலாடைக்கட்டி மாதிரி வெள்ளையாக, கெட்ட நாற்றத்தோடு ஏதோ கசியும். இது தோல் மேலணுக்களே உள்ளே ஒரு பையாகச் சுருண்டு, உதிரும் செதிலை வெளியே விட வழியில்லாமல் சேர்த்து வைத்திருப்பது. எண்ணெய்ச் சுரப்பிக் கட்டி என்று பலரும் சொல்வார்கள். உள்ளே இருப்பது எண்ணெய் அல்ல, கெரட்டின், அதாவது தோல், முடி, நகத்தில் உள்ள புரதம்.

இதைப் பிதுக்காதீர்கள். பிதுக்கினால் உள்ளடக்கம் வரும், பை அப்படியே இருக்கும். சில மாதத்தில் மறுபடி நிறையும். அதைவிட மோசம், பை உள்பக்கமாகக் கிழிந்துவிட்டால் கெரட்டின் தோலின் ஆழத்தில் சிந்தும். உடம்பு அதை அந்நியப் பொருளாக நினைத்துத் தாக்கும். மறுநாளே சிவந்து, சூடாகி, வலியில்லாமல் இருந்தது வலிக்கும். பழுத்து வீங்கிய நேரத்தில் பையை முழுதாக எடுப்பது கடினம் என்பதால் பெரும்பாலும் சீழை மட்டும் வெளியேற்றி, ஆறிய பிறகுதான் கட்டியை எடுப்பார்கள்.

தலையில் முடிக்கு நடுவே வழுவழுவென்று, கரும்புள்ளி இல்லாமல் ஒன்றோ பலவோ இருந்தால் அது முடிவேர்ப் பை சம்பந்தப்பட்ட இன்னொரு வகை. பரம்பரையாக வரக்கூடியது, அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இருந்ததா என்று விசாரித்துப் பாருங்கள். சீப்பு படுகிறதே என்ற தொல்லையைத் தவிர வேறொன்றும் இல்லை.

மணிக்கட்டில் வந்து வந்து போகிறது

மணிக்கட்டின் மேல்புறம், அல்லது உள்ளங்கைப் பக்கம் கட்டைவிரல் ஓரமாக, கையை மடக்கினால் எடுப்பாகத் தெரியும். ஒரு வாரம் பெரிதாக இருக்கும், அடுத்த வாரம் சின்னதாகும். எலும்போ என்று நினைக்கிற அளவுக்குக் கெட்டியாகவும் இருக்கலாம். இருட்டறையில் போன் டார்ச்சைக் கட்டியின் ஒரு பக்கத்தில் ஒட்டி வைத்துப் பாருங்கள். முழுக்கச் சிவப்பாக ஒளி ஊடுருவினால் உள்ளே திரவம். மூட்டு உறையிலிருந்தோ தசைநாண் உறையிலிருந்தோ கிளம்பிய, ஜெல்லி மாதிரி திரவம் நிறைந்த பை இது, பெயர் கேங்ளியான். சுமார் பாதி தானாகவே மறைந்துவிடும். கனமான புத்தகத்தால் ஓங்கி அடித்து உடைக்கும் பழைய வைத்தியத்தில் எலும்பு உடைந்ததுதான் மிச்சம். ஊசியால் திரவத்தை எடுக்கலாம், ஆனால் பல பேருக்குத் திரும்ப நிறைந்துவிடும்.

முழங்காலுக்குப் பின்னால் இதே மாதிரி ஒன்று வந்தால் பெரும்பாலும் மூட்டுத் தேய்மானத்தின் உபரி விளைவு. அது உடைந்து கெண்டைக்கால் வீங்கினால், காலில் ரத்தம் உறைந்தது போலவே இருக்கும். எது என்று ஸ்கேன்தான் சொல்லும், அன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

கழுத்து, அக்குள், தொடையிடுக்கு: நெறிக்கட்டா, வேறு ஏதாவதா?

குழப்பமும் பயமும் அதிகம் இங்கேதான். நெறிக்கட்டு என்பது வீங்கிய நிணநீர்க் கணுதான். இந்தக் கணுக்கள் நோயில்லாதபோதும் உடம்பில் இருப்பவை. 1 செ.மீ.க்குள் மென்மையாக அசையும் கணு கழுத்தில் தட்டுப்படுவது பலருக்கு இயல்பு. தொடையிடுக்கில் இன்னும் தாராளம். காலில் படும் சின்னச் சின்னக் காயங்களுக்கெல்லாம் அந்தக் கணுக்கள்தான் வேலை செய்வதால் 1.5 செ.மீ. வரைகூட கவலைக்குரியதாக இல்லாமல் இருக்கலாம்.

அதனால் கணுவைப் பார்ப்பதற்கு முன் அது காவல் காக்கும் பகுதியைப் பாருங்கள். தாடைக்கு அடியில் என்றால் சொத்தைப்பல், ஈறு, தொண்டை. பின்கழுத்தில் என்றால் தலைத்தோலில் பேன், பொடுகு, புண். அக்குளில் என்றால் கை, மார்பகம்; அந்தக் கையில் சமீபத்தில் தடுப்பூசி போட்டிருந்தால் சில வாரம் வீங்கியே இருக்கலாம். காரணம் கிடைத்து, அது சரியான பிறகு கணுவும் சுருங்க வேண்டும். ஆனால் மெதுவாகத்தான் சுருங்கும். மூன்று நான்கு வாரம் பொறுக்கலாம். அதற்குப் பிறகும் குறையவில்லை, 1 செ.மீ.க்கு மேலேயே நிற்கிறது என்றால் பரிசோதனை தேவை.

கைக்குத் தெரியும் விதமும் கொஞ்சம் சேதி சொல்லும். தொற்றால் வந்தது பொதுவாக மென்மையாக, தொட்டால் கொஞ்சம் நோகும்படி இருக்கும். நிணநீர்ப் புற்றில் ரப்பர் போலத் துள்ளும். வேறு இடத்துப் புற்று வந்து தங்கியது கெட்டியாக, அடியோடு ஒட்டியிருக்கும். காசநோயில் பல கணுக்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கொத்தாகத் தெரியும். உள்ளே சீழ் பிடித்தாலும் மேலே சூடோ சிவப்போ பெரிதாக இருக்காது. இதையும் வலியில்லை என்று விட்டுவிட்டு, தோல் உடைந்து கசிந்த பிறகு வருபவர்கள் இருக்கிறார்கள். முறையாக மாதக்கணக்கில் மருந்து சாப்பிட்டால் குணமாகிற நோய் அது.

இடது காறை எலும்புக்கு மேலே உள்ள கணுவுக்கு விர்ச்சோ கணு என்றே தனிப்பெயர் உண்டு, 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோவின் நினைவாக. வயிற்றின் நிணநீரெல்லாம் அந்த வழியாகத்தான் ரத்தத்தில் சேர்கிறது. இரைப்பை போன்ற உறுப்புகளின் புற்று அங்கே முதலில் தலைகாட்டலாம். அதனால்தான் அந்தக் குழியில் அளவு பார்ப்பதே இல்லை.

40 வயதைத் தாண்டியவர், அதிலும் புகையிலைப் பழக்கம் உள்ளவர் கழுத்துக் கட்டியோடு போனால் வாய், நாக்கடி, தொண்டை எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள். காரணம் தெரியாத கணு வீக்கத்துக்கு ஒன்றன்பின் ஒன்றாக ஆன்டிபயாடிக் மாற்றி மாற்றிச் சாப்பிட்டு மாதங்களைக் கழிக்காதீர்கள். ஸ்டீராய்டு இன்னும் ஆபத்து. நிணநீர்ப் புற்றாக இருந்தால் அது கட்டியைத் தற்காலிகமாகச் சுருக்கி, பிறகு எடுக்கும் பயாப்சியையே, அதாவது திசுச் சோதனையையே, குழப்பிவிடும்.

தொண்டையின் முன்புறம், விழுங்கினால் மேலே ஏறுகிறது

கண்ணாடி முன் நின்று ஒரு வாய்த் தண்ணீர் விழுங்குங்கள். கட்டி கூடவே ஏறி இறங்கினால் தைராய்டு. விழுங்கும்போது மட்டுமல்ல, நாக்கை வெளியே நீட்டினாலும் ஏறினால், கரு வளரும் காலத்தில் தைராய்டு இறங்கி வந்த பாதையில் தங்கிய நீர்க்கட்டியாக இருக்கலாம். தைராய்டு முடிச்சுகளில் மிகப் பெரும்பாலானவை புற்று அல்ல. ஆனால் ரத்தத்தில் தைராய்டு அளவு சரியாக இருக்கிறது என்பதால் முடிச்சும் நல்லது என்று ஆகிவிடாது. அதற்கு அல்ட்ராசவுண்ட் தனியாக வேண்டும். குரல் கம்மியிருந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

காதுக்குக் கீழே, தாடை திரும்பும் இடத்தில் மெதுவாக வளரும் உருண்டை உமிழ்நீர்ச் சுரப்பியுடையது. பெரும்பாலும் சாதுதான், ஆனாலும் எடுத்துவிடவே சொல்வார்கள், சில வகை நாளடைவில் புற்றாக மாறக்கூடும். முகத்தின் அந்தப் பக்கம் கோணினால் உடனே போங்கள்.

மார்பகம், விரை

இந்த இரண்டிலும் வீட்டுச் சோதனைக்கு வேலையில்லை. இளம்பெண்களுக்கு விரலுக்குப் பிடிபடாமல் ஓடும் வழுவழுப்பான கட்டி பெரும்பாலும் ஃபைப்ரோஅடினோமா, கெடுதல் இல்லாதது. ஆனால் அந்தப் பெயரை ஸ்கேன் பார்த்த பிறகுதான் வைக்க வேண்டும். ஆண்களுக்கும் மார்பகப் புற்று வரும். காம்புக்கு அடியில் ஒரு பக்கம் மட்டும் கெட்டியாக இருந்தால் வெட்கப்படாமல் காட்டுங்கள்.

விரைப்புற்று இளைஞர்களின் நோய், 15 முதல் 40 வயதுக்குள் அதிகம். வலியே இல்லாமல் விரையின் மேல் ஒரு கெட்டியான திட்டு, அல்லது ஒரு விரை மட்டும் கனத்துப்போதல். டார்ச் ஒளி ஊடுருவுகிறது, நீர்தான் என்று திருப்திப்பட்டுக்கொள்ளாதீர்கள். புற்றைச் சுற்றியும் நீர் கோக்கலாம். ஒரு அல்ட்ராசவுண்டில் தெரிந்துவிடும். முற்றிய நிலையிலும் குணமாக நல்ல வாய்ப்புள்ள புற்று இது. கூச்சம்தான் இதில் நேரத்தைத் தின்கிறது.

நின்றால் வருகிறது, படுத்தால் மறைகிறது

தொப்புள், பழைய ஆபரேஷன் தழும்பு, தொடையிடுக்கு. இருமினால் விரலை முட்டுகிறது. குடலிறக்கம். கைக்குழந்தையின் தொப்புளில் என்றால் பெரும்பாலும் நான்கைந்து வயதுக்குள் தானாக மூடிக்கொள்ளும். தொடையிடுக்கில் என்றால் மூடாது, ஆபரேஷன் தேவை.

துடிக்கிறது

நாடியோடு சேர்ந்து எல்லாப் பக்கமும் விரிந்து சுருங்கினால் அது ரத்தக்குழாய். யாரையும் ஊசி குத்த விடாதீர்கள். கழுத்தின் பக்கவாட்டில் துடிப்பது பலருக்கு இயல்பான கழுத்துத் தமனிதான், ஒல்லியானவர்களுக்கு எடுப்பாகத் தெரியும்.

பல இடங்களில் இருக்கிறது

குடும்பத்திலேயே நிறைய பேருக்கு மெத்தென்ற கட்டிகள் என்றால் பரம்பரைக் கொழுப்புக் கட்டிகள். அழுத்தினால் பொத்தான் மாதிரி உள்ளே போகும் மென்மையான முடிச்சுகளும், உடம்பில் ஆறோ அதற்கு மேலோ காப்பி நிறத் திட்டுகளும் சேர்ந்திருந்தால் நியூரோஃபைப்ரோமாவா, அதாவது நரம்பு உறையில் வரும் கட்டியா, என்று கேளுங்கள். காதுமடல், விரல் மூட்டுகளில் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துத் தெரிந்தால் யூரிக் அமிலப் படிவாக இருக்கலாம். குதிகாலுக்கு மேலுள்ள தசைநாண் தடித்து முடிச்சிட்டிருந்தால் கொலஸ்ட்ரால் பார்க்க வேண்டும். பிறவியிலேயே அது மிக அதிகமாக இருக்கும் குடும்பங்கள் உண்டு. முழங்கை ஓரத்தில், மூட்டுவாதம் உள்ளவருக்கு என்றால் அதன் முடிச்சு. இன்சுலின் போடுபவருக்கு ஊசி போடும் இடம் மேடுதட்டினால், இடத்தை மாற்றிப் போடவில்லை என்று அர்த்தம். அங்கேயே போட்டுக்கொண்டிருந்தால் மருந்து ஒழுங்காக உறிஞ்சப்படாது.

அது கட்டியே இல்லை

நெஞ்செலும்பின் கீழ்நுனி, காதுக்குப் பின்னால் உள்ள எலும்பு மேடு, பின்மண்டைப் புடைப்பு, கழுத்தடியில் துருத்தும் முள்ளெலும்பு. உடம்பு இளைத்த பிறகு இவற்றை முதன்முறையாகக் கண்டுபிடித்துக் கலங்கியவர்கள் நிறைய. மறுபக்கத்தைத் தொட்டுப் பாருங்கள், அல்லது வீட்டில் இன்னொருவருக்குத் தொட்டுப் பாருங்கள். அங்கேயும் இருந்தால் சரி.

டாக்டரிடம் போனபின்

பெரும்பாலும் அல்ட்ராசவுண்டில் தொடங்குவார்கள். திரவமா, திடமா, எந்த அடுக்கு என்று வலியில்லாமல் சொல்லிவிடும். ஆழமானதற்கு எம்.ஆர்.ஐ. அப்புறம் மெல்லிய ஊசியால் செல்களை உறிஞ்சிப் பார்க்கும் எஃப்.என்.ஏ.சி., அல்லது திசுத்துண்டு எடுக்கும் பயாப்சி. நிணநீர்ப் புற்று சந்தேகம் என்றால் செல்கள் மட்டும் போதாது, கணுவின் அமைப்பே தெரிய வேண்டும். முழுக் கணுவையோ தடித்த ஊசியில் ஒரு துண்டையோ எடுப்பார்கள். எஃப்.என்.ஏ.சி.யில் ஒன்றுமில்லை என்று வந்தும் கட்டி வளர்ந்துகொண்டே போனால், அந்த ஒன்றுமில்லையை முடிவாக எடுத்துக்கொள்ளாமல் திரும்பப் போங்கள்.

"ஊசி குத்தினால் புற்று பரவிவிடும்" என்று சொந்தக்காரர்கள் யாராவது சொல்வார்கள். அப்படி நடப்பது மிக அரிது. ஊசி குத்தாமல் எந்த மருந்து, எந்த அறுவை என்றே தீர்மானிக்க முடியாத நிலையில், அந்தப் பயத்துக்காகத் தள்ளிப்போடுவதுதான் உண்மையான சேதம். விலக்கு உண்டு: விரையில் சந்தேகம் இருந்தால் விரைப்பை வழியாக ஊசி குத்துவதில்லை, தொடையிடுக்கு வழியாக விரையையே எடுப்பார்கள். சர்கோமா சந்தேகத்தில் ஊசி போகும் வழியையும் ஆபரேஷன் செய்யப்போகும் சர்ஜனே தீர்மானிப்பது முறை.

கட்டியை எடுத்துவிட்டார்கள் என்றால், எடுத்ததை நோய்க்குறியியல் சோதனைக்கு அனுப்பினார்களா என்று அன்றைக்கே கேளுங்கள். "பார்த்தாலே தெரியுது, கொழுப்புதான்" என்று சொன்னாலும் கேளுங்கள். அறிக்கை வர சில நாள் ஆகும். தையல் பிரிக்கப் போகும்போது அதையும் கையோடு வாங்கி வந்து, அந்தப் பழைய போன் படத்தோடு சேர்த்து வையுங்கள்.